தின்னவேலி ஒழுங்கையில் ஆறு வருடம், கால்நடையாக

சித்தியின் மகன் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறான். இடமாற்றம் கிடைத்துத் தை மாதம் யாழ்ப்பாணம் வருகிறானாம். குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான்: "அக்கா, ரவுணுக்குக் கிட்ட, ஆனால் ரவுணுக்குள்ள இல்லாமல், எல்லாத்துக்கும் நடந்து போகக்கூடிய ஒரு இடம் சொல்லுங்கோ. எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது, பழகிற எண்ணமும் இல்லை." அதைக் கேட்கும்போது முழங்காலில் நாலு தையலோடு கட்டிலில் கிடந்தேன். பதில் சூடாகத்தான் போனது. இப்போது தையல் வெட்டியாயிற்று, ஆறு வருடம் சோறு போட்ட இடத்துக்குக் கொஞ்சம் நியாயமாக இருக்கவேண்டுமே என்று திரும்ப எழுதுகிறேன்.

இடம் திருநெல்வேலி, எங்கள் வாயில் தின்னவேலி. ரவுணிலிருந்து பலாலி வீதியில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பல்கலைக்கழகமும் சந்தையும் இருப்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் வாடகை கூட என்பதும் தெரியும், பிள்ளைகள் போர்டிங்குக்கு அறை தேடி வந்துகொண்டே இருப்பார்கள். எங்கள் வீடு ஆடியபாதம் வீதியில் இருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் நாலாவது. பாண் வாங்க நாலு நிமிடம், சந்தைக்கு எட்டு, மருந்துக்கடைக்கு ஒன்பது, வேலைக்குப் போக பஸ் எடுக்கிற சந்திக்குப் பத்து. இது என் நடை நிமிடம். தரகர்மார் சொல்கிற "சந்திக்கு அஞ்சு நிமிஷம்" மோட்டார் சைக்கிள் நிமிடம். வீடு பார்க்கப் போனால் அவர்களின் பின்சீற்றில் ஏறிப் போகாதே தம்பி, சந்தியில் இறங்கி நடந்து போ, அதுவும் பின்னேரம் ஆறரைக்கு, முடிந்தால் மழை நாளில்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் நான் எதிர்பாராதது இந்த ஒழுங்கைகள்தான். ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஒழுங்கை என்ன புதினம் என்று கேட்கலாம். தினமும் நடக்கிறவளுக்குத்தான் அது என்ன வேலை செய்கிறது என்று தெரியும். வளவைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப் பிரிக்க, காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதி எழுதி விட்ட பாதைகள் இவை. ஒருத்தரும் திட்டம் போட்டுக் கீறவில்லை. அதனால் நேராக ஒன்றும் இராது, நாற்பது அடிக்கு ஒரு முடக்கு, முடக்கில் ஒரு மதில். கார்க்காரன் உள்ளே வந்தால் மாட்டு வண்டி வேகத்தில்தான் வரவேண்டும். இந்தப் பக்கம் மதிலுக்கு மேலால் முருங்கை, அந்தப் பக்கம் வேம்பு, பங்குனி வெயிலில் கூட சந்தைக்குப் போகிற வழியில் பாதித் தூரம் நிழல். வெள்ளவத்தையில் காலி வீதி நடைபாதையில் நடந்து பார்த்தவன் நீ, கடைக்காரரின் பெட்டிக்கும் பஸ் புகைக்கும் நடுவில் போவது எப்படியென்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. இங்கே காலை ஆறரைக்குக் கேட்கிறது விளக்குமாற்றுச் சத்தம் மட்டும்.

அப்புறம் சந்தை. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் ஒட்டியபடியே கீரைப்பிடி வந்திறங்கும். ஒரு பை, ஒரு கை, வேண்டியதை அன்றன்றைக்கு வாங்கலாம். எங்கள் குளிர்சாதனப் பெட்டி பாதி வெறுமையாகத்தான் இருக்கும்.

இனி அந்தப் பள்ளம்.

எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறுகிற இடத்தில் வாய்க்காலுக்கு மேல் கொங்கிறீற் மூடி இருந்தது. 2021 கார்த்திகையில் யாரோ மதில் கட்டக் கல்லேற்றி வந்த லொறி ஏறி, ஒரு மூடி இரண்டாக உடைந்து உள்ளே விழுந்தது. இரண்டடி அகலம், இடுப்பளவுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். மோட்டார் சைக்கிள்காரர் ஒரு கை வெட்டி மற்றப் பக்கத்தால் போய்விடுவார்கள், அவர்களுக்கு அது பள்ளமே இல்லை. நடக்கிற ஆளுக்குத்தான் அது சரியாகக் கால் வைக்கிற இடம். கந்தோருக்குப் போனேன். வீதி ஒரு கந்தோருக்காம், வாய்க்கால் இன்னொரு கந்தோருக்காம், மூடி யாருக்கென்று இரண்டு பேருக்கும் சொல்ல விருப்பமில்லை. முன்வீட்டு ஐயா ஒரு தென்னங்குற்றியைப் போட்டார். அது ஒரு மாரியில் உக்கிப்போயிற்று. பிறகு யாரோ புண்ணியவான், பார்த்து வாருங்கள் என்று காட்ட, வேலிக்கு நடுகிற கிளுவங்கதியால் ஒன்றை, பச்சைத் தடியாக, அதற்குள் குத்தி நுனியில் சிவப்புப் பை கட்டிவிட்டார்.

2022 இல், பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம், ஒரே ஒரு தடவை இந்தப் பள்ளத்துக்கு மரியாதை கிடைத்தது. வைகாசியில் பெற்றோல் லீற்றர் 420 ரூபாய், ஆனிக் கடைசியில் 470, அதுவும் வரிசையில் இராத்திரி படுத்தெழும்பினால்தான். ஆடியில் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். எனக்கு ஒன்றும் மாறவில்லை, ஆனால் ஒழுங்கையில் திடீரென்று ஆட்கள்! ஆறு மாதம் முகம் பார்க்காத அயலவர் எல்லாம் பையோடு நடக்கிறார்கள், தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின கதை சொல்லிக்கொண்டு. அந்தப் பள்ளத்தையும் அப்போதுதான் கண்டார்கள். "இதென்ன அநியாயம்" என்று பதினேழு வீடு கையெழுத்து வைத்த ஒரு மனு தயாரானது. பிறகு பெற்றோல் வந்தது. மனு யாருடைய வீட்டில் கிடக்கிறதென்று இன்றுவரை தெரியவில்லை.

இதுதான் எனக்கு ஆத்திரம். நடக்க இவ்வளவு வசதியான இடத்தில் நடக்க ஆளில்லை, ஆகவே நடக்கிறவரின் பிரச்சினை ஒருவருடைய பிரச்சினையும் இல்லை. நான் கையில் பையோடு போனால், "என்ன, ஸ்கூட்டி பழுதோ?" எனக்கு ஸ்கூட்டியே இல்லையென்றால், "ஒன்று எடுங்கோவன், லீசிங்கில தருவாங்கள்." நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், வெயிலில் நிறுத்தி "ஏறுங்கோ அக்கா" என்கிறார்கள், ஏறாவிட்டால் கோபமோ என்று நினைக்கிறார்கள். முந்நூறு மீற்றர் தூரத்துக்கு மூன்று பேருக்கு விளக்கம் சொல்லி முடிக்கிறபோது சந்தையில் நல்ல வெண்டிக்காய் முடிந்துவிடும்.

சரி, தையல் கதை. கதியால் சும்மா நிற்கவில்லை, வாய்க்கால் ஈரத்தில் வேர் விட்டுத் துளிர்த்து, மூன்று வருடத்தில் ஒரு சின்னப் பற்றை. சிவப்புப் பை போனாலும் பற்றை தெரியும், கண்ணை மூடிக்கொண்டும் விலகி நடக்கப் பழகிவிட்டேன். போன மாதம் ஒரு நாள் யாரோ ஆட்டுக்குக் குழை வேண்டுமென்று அதை மொட்டையாக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் முதல் பெருமழை, மின்சாரமும் இல்லை, வாய்க்காலும் வீதியும் ஒரே மட்டத்தில் தண்ணீர். நான் பற்றையைத் தேடினேன். பற்றை இல்லை. பள்ளம் இருந்தது.

ஆகவே தம்பி, இந்தப் பக்கம் வராதே. கொக்குவிலில் பார், ரயில் நிலையமும் இருக்கிறது, அங்கேயும் ஒழுங்கைகள் உண்டு, பள்ளங்களை நீயே கண்டுபிடி. நல்லூர் இன்னும் அழகு, திருவிழா இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றி வாகனம் விடமாட்டார்கள், உன்னைப் போல ஆளுக்குச் சொர்க்கம், வாடகையைக் கேட்டால் திரும்ப வெள்ளவத்தைக்கே போய்விடுவாய். அரியாலை தள்ளித் தள்ளி வீடுகள், கால் வலிக்கும்.

வீட்டுச் சொந்தக்காரர் நேற்று வந்து அடுத்த வருடம் இருக்கிறீர்களா என்று கேட்டார். முற்பணத்தைக் கொடுத்துவிட்டேன், நீ கேட்கப்போகிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தையல் வெட்டி வருகிறபோது நின்று பார்த்தேன். வெட்டின இடத்தில் இரண்டு துளிர். எதிர்வளவில் ஆடு வளர்க்கிற அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வேறு எங்கேயும் குழை வெட்டுங்கோ, மாரி முடியும்வரை இதில் மட்டும் கை வைக்காதேங்கோ என்று.