கிறிஸ்துமஸ் பாதாம் குக்கீஸ்: வெண்ணெயா, முட்டை வெள்ளையா, நெய்யா?

டிசம்பர் வந்தாலே பாதாம் குக்கீஸ் செய்முறை தேடாத வீடு கிடையாது. கிடைக்கிற செய்முறை பெரும்பாலும் குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியதாக இருக்கும். அங்கே டிசம்பரில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டு கிடக்கும், சுட்டுத் தட்டில் வைத்தது மறுநாளும் மொறுமொறுவென்று இருக்கும். நமக்கு அப்படியா? பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை முழுக்க டிசம்பரிலும் வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கும், வாடைக்காற்று கடல் ஈரத்தை அடுப்படி வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும், ஜாடியில் இருக்கும் கல் உப்பே கசிந்து நிற்கும். அதனால் எது ருசி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும், எது நமத்துப் போகாமல் நிற்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தவரை போட்டியில் இருப்பவை மூன்று. ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கம் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற பிறை வடிவ வெண்ணெய் குக்கீஸ் (வனில்ல கிப்ஃபெர்ல் என்பார்கள்) ஒன்று. இத்தாலியில் அமரெட்டி என்று செய்கிற, மாவே சேராமல் பாதாமும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் மட்டும் போட்ட வகை இரண்டாவது. நம்ம ஊர் பேக்கரி நெய் பிஸ்கட்டிலேயே பாதாம் பொடி சேர்த்துச் செய்வது மூன்றாவது. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கரையில் நாலைந்து நாள் வைத்திருந்து பத்து வீட்டுக்குத் தட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் நெய்தான். ஆனால் மற்ற இரண்டையும் ஒதுக்கித் தள்ளவும் எனக்கு மனமில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது.

முதலில் வெண்ணெய். பிறை குக்கீஸ் அளவு 280 கிராம் மைதா, 210 கிராம் வெண்ணெய், 100 கிராம் பாதாம் பொடி, 70 கிராம் சர்க்கரைத் தூள், இந்த விகிதம்தான். முட்டை கிடையாது, தண்ணீர் கிடையாது. 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் சுட்டு, சூடாக இருக்கும்போதே வனிலா கலந்த சர்க்கரைத் தூளில் புரட்டி எடுப்பார்கள். வாயில் வைத்ததும் கரைவதில் இதற்கு ஈடு இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நம் காற்றில் சிக்கல் அந்த வெள்ளைப் பூச்சில்தான் ஆரம்பிக்கிறது. சர்க்கரைத் தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மழை நாளில் சில மணி நேரத்திலேயே பசையாகிவிடும், டப்பாவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் போனால் பிறை இரண்டாக உடையும். அப்புறம் வெண்ணெய் என்றாலே அதில் 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கிறது. கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெயில் இன்னும் கூடுதலாக இருக்கும். நம் சின்னக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மஞ்சள் நிற உப்பு வெண்ணெய், அதைப் போட்டால் பாதாமின் மென்மையான வாசனைக்கு மேல் உப்பு ஏறி நிற்கும். உப்பில்லாத வெண்ணெய்க்கு ராமநாதபுரம் டவுன் கடைகளில்தான் சொல்லி வைக்க வேண்டும், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உருகி இளகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெண்ணெய் 32 டிகிரி தாண்டினால் எண்ணெயாகிவிடும். டிசம்பரில் வெளியே அவ்வளவு வெயில் இருக்காது, ஆனால் ஓவன் ஓடுகிற அடுப்படியில் பிறை பிடிக்கும்போது உள்ளங்கைச் சூடே போதும். மாவை ஃபிரிட்ஜில் வைத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

முட்டை வெள்ளை வகை வேறு மாதிரி. 200 கிராம் பாதாம் பொடி, 150 கிராம் சர்க்கரை, இரண்டு முட்டையின் வெள்ளை, அவ்வளவுதான். வெள்ளையை நுரைக்க அடித்து, சர்க்கரையும் பாதாமும் சேர்த்து, உருட்டி 160 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சுட்டால் மேலே வெடித்த ஓடு, உள்ளே இழுபடுகிற மென்மை. பாதாம் ருசி முழுதாகத் தெரிவது இதில்தான், மாவும் கொழுப்பும் குறுக்கே நிற்பதில்லை. சூடு ஆறி ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் மூன்றில் இதுதான் முதலிடம் என்று மனதாரச் சொல்வேன். ஆனால் மறுநாள் காலை அந்த ஓடு இருக்காது, மேலும் கீழும் ஒரே பதத்தில் கொழகொழத்திருக்கும்.

தூத்துக்குடியும் கடற்கரைதானே, அங்கே முட்டை வெள்ளையில் செய்கிற மக்ரூன் எப்படி நாள்கணக்கில் நிற்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டை வெள்ளை. ஆனால் அதை அமரெட்டி போலச் சூட்டில் சட்டென்று சுடுவதில்லை, குறைந்த சூட்டில் வெகுநேரம் வைத்து உள்ளே இருக்கிற ஈரம் மொத்தத்தையும் ஓட்டிவிடுவார்கள், உடனே காற்றுப் புகாமல் கட்டிவிடுவார்கள். பாதாமிலும் அப்படிச் செய்யலாம். ஓடிஜி ஓவனில் 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் உள்வரைக்கும் உலர்ந்து நொறுங்குகிற பதம் வரும். ஆனால் மழை நாளில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே. பாதியில் நின்றால் நுரை அமுங்கிவிடும், மறுபடி சூடேற்றினாலும் எழும்பாது. கேஸ் அடுப்பில் பாத்திரத்தை வைத்து 100 டிகிரியை அவ்வளவு நேரம் நிலையாகப் பிடிப்பதும் நடக்காத காரியம்.

முட்டையில் இன்னொரு விஷயம், எனக்கு இதுவே பெரியது. நம் பக்கம் கிறிஸ்துமஸ் தட்டு கிறிஸ்தவ வீடுகளோடு நிற்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் பக்கத்து வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள், அந்த நாட்களில் முட்டை சேர்ந்த எதையும் வீட்டுக்குள்ளேயே எடுக்க மாட்டார்கள். ரம்ஜானுக்கு நமக்குக் கஞ்சி கொடுத்துவிடுகிற லாத்தா வீட்டுக்கு எதையும் தாராளமாகக் கொடுக்கலாம், மாலை போட்ட வீட்டு அக்காவுக்கு மட்டும் தட்டில்லாமல் போவது எனக்குச் சம்மதமில்லை. வெண்ணெயிலும் நெய்யிலும் இந்தத் தடங்கல் கிடையாது.

இனி நெய். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, வெண்ணெயை உருக்கும்போதே அதெல்லாம் பொரிந்து போய்விடுகிறது. இது ஒன்றே நம் காற்றுக்குப் பாதி பதில். இன்னொரு வசதி, டிசம்பர் நெய் உருகியும் இருக்காது, கட்டியாகவும் இருக்காது, மணல் மணலாக உறைந்து, குக்கீஸுக்குக் குழைக்க எந்தப் பதம் வேண்டுமோ அந்தப் பதத்திலேயே பாட்டிலில் இருக்கும். 110 கிராம் நெய்யை 90 கிராம் சர்க்கரைத் தூளோடு வெளுத்து வரும்வரை கையாலேயே தேயுங்கள், அவசரப்படாதீர்கள், இந்தத் தேய்ப்பில் ஏறுகிற காற்றுதான் குக்கீஸை மிருதுவாக்கும். அப்புறம் 150 கிராம் மைதா, 100 கிராம் பாதாம் பொடி, ஒரு மேசைக்கரண்டி ரவை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய். ரவைதான் கரகரப்பு தருவது, விட்டுவிட வேண்டாம். பிசையாமல் சேர்த்துப் பிடித்து உருட்டி, லேசாகத் தட்டி, மேலே பாதி பாதாம் பதித்து 160 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். அடிப்பக்கம் மட்டும் பொன்னிறம் வந்தால் போதும். எடுத்ததும் தொட்டால் உதிரும், கால் மணி நேரம் தட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நெய்யில் குறை இல்லாமல் இல்லை. நெய் வாசனை பாதாம் வாசனையை அமுக்கிவிடும், சாப்பிடுகிறவர்கள் நெய் பிஸ்கட் அருமை என்பார்கள், பாதாம் அவர்கள் நினைவுக்கே வராது. அதற்கு வழி பாதாமை அரைப்பதற்கு முன் வெறும் வாணலியில் சிறுதீயில் வறுத்துக்கொள்வது. பாதாம் எசன்ஸ் ஊற்றலாமா என்றால் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். அந்த எசன்ஸ் மணம் கசப்பு வாதுமையின் மணம், நாம் சாப்பிடுகிற இனிப்புப் பாதாமில் அது அவ்வளவாக இருக்காது, கூடிப்போனால் இருமல் மருந்து ஞாபகம்தான் வரும்.

பாதாமிலும் தேர்வு இருக்கிறது. கீழக்கரைப் பக்கம் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கிற பாதாமில் சில சமயம் மாம்ரா என்கிற ரகம் இருக்கும். ருசி அபாரம், ஆனால் எண்ணெய்ச் சத்து அதிகம், மிக்ஸியில் இரண்டு சுற்றிலேயே விழுதாகிவிடும். அதை மேலே பதிக்க வைத்துக்கொண்டு, அரைக்கச் சாதாரண கலிபோர்னியா பாதாமை எடுங்கள். தோல் உரித்துத்தான் ஆக வேண்டுமென்றால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு உரித்து, நன்றாக உலர்த்துங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், மேகம் மூடிய நாளில் மாடியில் காயப்போட்ட பாதாம் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். ஓவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பது உத்தமம். நெய் வகைக்குத் தோலோடு அரைத்தாலே போதும். அரைக்கும்போது கொஞ்சம் மைதாவோ சர்க்கரையோ சேர்த்து, விட்டு விட்டுச் சுற்றினால் எண்ணெய் பிரியாது. நம் தெருவிலேயே உதிர்ந்து கிடக்கிற வாதாங்கொட்டை வேறு மரத்துக் காய், பருப்பு விரல் நுனியளவுதான் வரும், ஆனால் ருசி பாதாமுக்குப் பக்கத்தில் இருக்கும். அரையாண்டு லீவில் இருக்கிற பிள்ளைகள் உடைத்துத் தந்தால் மேலே தூவுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமே என்ற ஆசை சாயல்குடிக் கருப்பட்டி வாங்குகிற எல்லோருக்கும் வரும். பதநீர் இறக்குவது கோடையில், டிசம்பரில் கையில் இருப்பது பழைய கருப்பட்டி, மழைக்கே கசிந்திருக்கும், அது சேர்ந்த குக்கீஸ் இன்னும் சீக்கிரம் இளகும். கருப்பட்டி ருசி வேண்டுமென்றால் கீழக்கரைத் தொதல் என்கிற அல்வா மாதிரி இனிப்பில் அதன் முழு அழகும் இருக்கிறது. குக்கீஸுக்குப் பனங்கற்கண்டைப் பொடித்துப் போடுங்கள், பனை மணமும் வரும், மொறுமொறுப்பும் கெடாது.

ஓவன் இல்லாதவர்களுக்கும் நெய் வகைதான் கைகொடுக்கும். அடிகனமான பழைய பாத்திரத்தில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, தட்டை இறக்கிச் சிறுதீயில் வைத்தால் 25 நிமிடத்தில் வெந்துவிடும். மேல்பக்கம் நிறம் வராது, ருசிக்குக் குறை இல்லை. கடற்கரை மணலைப் போட வேண்டாம், சிப்பித் துண்டும் ஈரமும் சேர்ந்து வாடை அடிக்கும். வெண்ணெய் பிறை இந்த முறையில் பரந்து உருக்குலைந்துவிடும், முட்டை வெள்ளை மேலே காயவே காயாது.

எடுத்து வைப்பதில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். சூடு ஆறியதும் ஃபேன் காற்றில் கிடக்க விடாமல் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு இறுக மூடிவிடுங்கள், வறுத்த அரிசியை ஒரு துணியில் முடிந்து உள்ளே போட்டால் நல்லது. நமத்துவிட்டாலும் 150 டிகிரியில் ஆறேழு நிமிடம் வைத்தால் நெய் குக்கீஸ் மீண்டு வரும், பிறையைப் பூச்சு போன பிறகு அப்படி மீட்க முடியாது. சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதானாலும் பஸ் குலுக்கலைத் தாங்குவது நெய் வகைதான்.

எங்கள் வீட்டில் 22, 23 தேதிகளில் நெய் குக்கீஸைச் சுட்டுச் சம்படத்தில் அடைத்துவிடுவோம். 24 சாயங்காலம் கரண்ட் இருந்தால் முட்டை வெள்ளை வகையில் ஒரே ஒரு தட்டு, நள்ளிரவுப் பூசை முடிந்து வருகிறவர்கள் அன்று ராத்திரியே காலி பண்ணுகிற அளவுக்கு மட்டும். மிஞ்சுகிற இரண்டு மஞ்சள் கருவும் காலை ஆம்லெட்டுக்குச் சேர்ந்துவிடும்.