வறட்சிக்குச் செடி தேடுகிறீர்களா? மே மழையையும் கணக்கில் எடுங்கள்

கொழும்பில் ஆண்டுக்குச் சராசரியாக 2,300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மண் உண்மையில் காய்வது ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான். மார்ச்சில் வெக்கை ஏறும், ஏப்ரலில் பின்னேர இடிமழை தொடங்கும், மே மாதத்தில் தென்மேல் பருவமழை வந்துவிடும். அதனால் பாலைவனச் செடி என்று ஆசையாக வாங்கி வைத்தது பெப்ரவரி முழுக்கப் பூத்துவிட்டு ஜூனில் அழுகிப் போகிறது. இங்கே ஒரு செடி வெயிலிலும் நிற்க வேண்டும், மழையிலும் நிற்க வேண்டும். கீழே உள்ளவற்றை அந்த இரண்டையும் வைத்தே அளந்திருக்கிறோம்.

நேரடிப் போட்டி போகன்வில்லாவுக்கும் பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்துக்கும் இடையில்தான். இரண்டும் வெயில் விரும்பிகள், இரண்டுக்கும் நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஆனால் வறட்சியை அவை சமாளிக்கும் விதம் வேறு. அடீனியம் தண்ணீரைத் தன் தடித்த அடித்தண்டில் சேமிக்கும். போகன்வில்லா சேமிப்பதில்லை, வறட்சி வந்தால் இலையைக் குறைத்து, பூவைக் கூட்டும்.

மழை வந்ததும் இந்த வேறுபாடுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. போகன்வில்லா மழையில் பூவை நிறுத்தி இலையாக ஓடும், சாகாது. அடீனியத்தின் அடித்தண்டோ ஈரச் சாடியில் சில நாட்களிலேயே அழுகத் தொடங்கலாம். கடையில் வரும் சாடிக் கலவை பெரும்பாலும் தும்புத்தூள், அது ஈரத்தை விடாது. அடீனியம் வாங்கினால் அந்தக் கலவையை உதறிவிட்டு, 1 பங்கு மண், 1 பங்கு கொம்போஸ்ட், 2 பங்கு செங்கல் துண்டு அல்லது சின்னச் சல்லி என்று மாற்றி நடுங்கள். கடல் மணல் சேர்க்க வேண்டாம், உப்பு வேரைச் சுடும். 8 அங்குலச் சாடிக்குக் காய்ந்த மாதங்களில் 3, 4 நாளுக்கு ஒருமுறை அரை லீற்றர் போதும். மே முதல் சன்ஷேட்டின் கீழ் மழை படாமல் வைக்க வேண்டும். அப்படி ஓர் இடம் உங்கள் பல்கனியில் இல்லையென்றால் அடீனியத்தை விட்டுவிடுவதே நல்லது.

அடித்தண்டு மெத்தென்று இருந்தால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து தண்டு சுருங்கியிருந்தால் அது தாகம், ஊற்றினால் சில நாளில் இறுகிவிடும். மண் ஈரமாக இருந்து தண்டு மெத்தென்றால் அழுகல். செடியைப் பிடுங்கி, பழுப்பு நிறம் முற்றாகப் போகும்வரை சுத்தமான கத்தியால் வெட்டி, பூஞ்சணக் கொல்லித் தூள் தடவி, நிழலில் 5 முதல் 7 நாள் உலரவிட்டு மறுபடி நடலாம். அதன் பால் நஞ்சு, கையுறை போடுங்கள்.

போகன்வில்லாவில் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: இலை மட்டும் வருகிறது, பூ இல்லை. காரணம் பெரும்பாலும் கவனிப்பு கூடிப்போனது. தினமும் தண்ணீர், யூரியா, பெரிய சாடி, மூன்றுமே இலைக்கு உதவும். 12 அங்குலச் சாடியில் வேர் நெருங்கி நின்றால்தான் அது நன்றாகப் பூக்கும். இலை லேசாகத் தளரும்வரை பொறுத்து, பிறகு அடித்துளையால் வழியும்வரை ஊற்றுங்கள், சுமார் 2 லீற்றர் பிடிக்கும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் கிளைகளில் மூன்றிலொரு பங்கை வெட்டினால் புதுத்துளிரில் அடுத்த பூ வரும். சாடி மாற்றும்போது வேர் மண் உடையாமல் தூக்க வேண்டும். அந்த வேர் மெல்லியது, எளிதில் அறுந்துவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடல் பக்க மாடிகளின் உப்புக் காற்றையும் இது தாங்கும். சாடி வளர்ப்புக்கு எங்கள் தெரிவு போகன்வில்லாதான்.

நிலம் இருந்தால் ஈழத்தலரியை எண்ணிப் பாருங்கள். மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் அமெரிக்க வெப்பவலயத்தின் மரம் அது, கொழும்புக்கு ஒத்துவருவதற்கு அதுவே காரணம். காய்ந்தால் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், பட்டுப்போனதென்று வெட்டிவிடாதீர்கள். மழைக்காலத்தில் இலையின் அடியில் செம்மஞ்சள் துரு தூள்போல் படியும். விழுந்த இலையைக் கூட்டி அகற்றினால் பெரும்பாலும் போதும். ஒன்றரை அடிக் கிளையை வெட்டி, பால் நின்று வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, பெப்ரவரி, மார்ச்சில் நடுங்கள். ஈர மாதத்தில் நட்ட கிளை வேர்விடுமுன் அழுகும். பெயரில் ஒரு சிக்கல் உண்டு. சிங்களத்தில் ‘அரலிய’ என்பது இந்த மரம், தமிழில் அரளி என்பது வேறு செடி. பத்தரமுல்லை தியத்த உயனவில் வாங்கப் போனால் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அரளியும் வெயில், உப்பு இரண்டையும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் கடும் நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை நாங்கள் சொல்லமாட்டோம்.

பட்டிப்பூவும் பத்துமணிப்பூவும் மலிவு, ஆனால் இரண்டும் பருவச் செடிகள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கனமழையில் பட்டிப்பூவின் தண்டு கறுத்துச் சரியும். டிசம்பரில் விதையை மண்ணால் மூடி முளைக்கவிட்டால், மார்ச் வெக்கையில் பூத்திருக்கும். பத்துமணிப்பூவில் 3 அங்குலத் துண்டுகள் சிலவற்றை மழைக்கு மறைவாக வைத்திருந்தால் அடுத்த ஆண்டுக்கு விலை கொடுக்க வேண்டாம். செவ்வரத்தையைப் பலரும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள், அது சரியில்லை. சாடியில் இரண்டு நாள் காய்ந்தாலே மொட்டு உதிரும், வறண்ட மாதங்களில் வெண்மூட்டுப்பூச்சியும் ஏறும்.

எதை வாங்கினாலும், புதிதாக நட்ட கன்று வறட்சி தாங்காது. வேர் ஆழம் போனபிறகுதான் அந்தக் குணம் வரும். நிலத்தில் வைக்கும் போகன்வில்லாவை ஒக்டோபர் மழை தொடங்கும்போது நட்டால் ஜனவரிக்குள் வேர் பிடிக்கும். கபுக் எனப்படும் இறுகிய செம்புறைக்கல் நிலமானால் குழியை 2 அடி அகலமாக வெட்டி, அடியைக் கடப்பாரையால் உடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் கிணறுபோல் தேங்கும். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். அதில் நிற்கும் தண்ணீர் வேரை அழுகச் செய்யும், டெங்கு நுளம்புக்கும் ஒரு வாரம் தேங்கிய தண்ணீரே போதும். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.