வெளிச்சந்தை அறையா, வீவக வாடகை வீடா?

சிங்கப்பூரில் கடனை அடைக்க வீட்டை விற்ற குடும்பத்துக்கும், மணவிலக்குக்குப் பிறகு பிள்ளைகளோடு வெளியேறும் தாய்க்கும் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகள்தான்: வெளிச்சந்தையில் ஓர் அறை, அல்லது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தரும் வாடகை வீடு. உறவினர் வீட்டில் ஒண்டுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் மாதமே அங்கே முகங்கள் மாறத் தொடங்கும்.

அறையின் பலம் வேகம். பணம் இருந்தால் ஒரு வாரத்தில் சாவி கிடைக்கும். ஆனால் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம், முன்பணம், சில இடங்களில் முகவர் கட்டணமும் உண்டு. ‘சமையல் கூடாது, சிறுபிள்ளைகள் கூடாது’ என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். சமைக்க முடியாத குடும்பத்துக்கு மூன்று வேளையும் உணவங்காடிதான். வாடகையைவிட அதுதான் கையைக் கடிக்கும்.

மாதம் 1,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய சேமநிதிக்கு (மசே நிதி) 20 விழுக்காடு போனால் கைக்கு வருவது 1,120. அறைக்கு 900 கொடுத்தால் மிச்சம் 220. அதே சம்பளத்தில், ஏற்கெனவே அரசாங்க மானியத்துடன் வீடு வாங்கி விற்றவர் வீவகவின் ஈரறை வாடகை வீட்டுக்குக் கட்டுவது 205 முதல் 275 வெள்ளி. முன்பு மானியமே பெறாத, 800 வெள்ளிக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு அதே ஈரறை 44 முதல் 75 வெள்ளிதான்.

வாடகை வித்தியாசம் யாருக்கும் தெரிந்ததுதான். வீவக பக்கம் நாங்கள் சாய்வதற்குக் காரணம் வேறு: அங்கிருந்து சொந்த வீட்டுக்கு ஏற ஏணி இருக்கிறது, அறையிலிருந்து இல்லை. காம்லிங்க் பிளஸ் என்ற அரசாங்க உதவித் திட்டம் முதன்மையாக வாடகை வீட்டில் வாழும், பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கானது. அதன்கீழ், மசே நிதியில் நீங்களாக 1 வெள்ளி போட்டால் வீடு வாங்குவதற்காக அரசாங்கம் 2 வெள்ளி சேர்க்கும். மொத்த உச்சவரம்பு 30,000. மாதம் 50 போட்டாலே, அரசாங்கப் பங்கும் சேர்ந்து மூன்றாண்டில் 5,400 ஆகிவிடும். நீங்கள் கடனை அடைப்பதற்கு ஈடாக அரசாங்கமும் பணம் தரும் தொகுப்பு உண்டு, 5,000 வரை. அடுத்த படி ஃபிரெஷ் ஸ்டார்ட் என்ற வீட்டுத் திட்டம்: 75,000 வெள்ளி மானியத்துடன், குத்தகைக் காலம் குறைந்த புதிய ஈரறை அல்லது மூவறை வீடு.

பலர் சறுக்குவது வேலை விஷயத்தில். காம்லிங்க் பிளஸின் வேலைத் தொகுப்புக்குக் குறைந்தது 1,400 வெள்ளி சம்பளமும் மசே நிதிப் பதிவும் வேண்டும். சாப்பாட்டுக் கடையில் 1,600 ரொக்கமாக வாங்குபவர் கையில் அதிகம் பார்ப்பார், ஆனால் அந்த வேலை கணக்கில் வராது. பதிவான வேலையில் நிலைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 450 முதல் 550 வெள்ளி வரும், ஒரு பகுதி ரொக்கம், மற்றது மசே நிதிக்கு. ‘சம்பளம் கூடினால் வீடு போய்விடுமே’ என்று கூடுதல் வேலை நேரத்தை மறுப்பவர்களும் உண்டு. வருமானம் கூடினால் வாடகை கூடும், அது உண்மை. ஆனால் வாடகை வீட்டுக்கான 1,500 வெள்ளி குடும்ப மாத வருமான வரம்பை வீவக கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. குடும்பத்தில் எத்தனை பேர், வேறு போக்கிடம் உண்டா என்றும் பார்க்கிறது.

வீவகவின் குறை காத்திருப்பு. வீடு விற்று 30 மாதம் ஆகாதவர் விண்ணப்பிப்பதிலும் தடை உண்டு. அந்த இடைவெளியில் விற்ற பணத்தை அறை வாடகையில் கரைக்காமல், குடும்பச் சேவை நிலையம் வழியாக இடைக்காலத் தங்குமிடத்தைக் கேளுங்கள். சமூக ஊழியர் எழுதும் மதிப்பீடுதான் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். மசே நிதி அறிக்கை, சம்பளச் சீட்டு, மணவிலக்கு ஆணை, பிள்ளைகள் யார் பொறுப்பில் என்று சொல்லும் பராமரிப்பு உத்தரவு எல்லாம் முதல் சந்திப்பிலேயே கையில் இருக்கட்டும். பராமரிப்பு உத்தரவு இல்லாமல் போனால் விண்ணப்பம் நெடுநாள் இழுக்கலாம்.

மனைவி இந்தியாவிலிருந்து வந்து, குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாமல் நீண்டகால வருகை அட்டையில் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீவகவின் முடிவு வேறுபடலாம். பக்கத்து வீட்டாருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணி அறையைக் காலி செய்துவிடாதீர்கள்.

இன்னும் வீட்டை விற்காதவர்கள், கையெழுத்திடும் முன் வீவக கிளைக்குப் போய் வீட்டுக் கடன் தவணையைக் குறைக்க முடியுமா, வேலை பார்க்கும் பிள்ளையை இணை உரிமையாளராகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.