இரு பரிமாண ஜிசி மென்பொருளில் பீக் பிடிப்பதும் திருத்துவதும்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

டீசல், கச்சா எண்ணெய் மாதிரிகளை இரு பரிமாண வாயு குரோமட்டோகிராஃபியில் (ஜிசி: கலவையை ஆவியாக்கி, அடுத்தடுத்த இரண்டு குழாய்களில் அனுப்பிச் சேர்மங்களைப் பிரிக்கும் முறை) ஓட்டி, வரும் படத்தில் ஒவ்வொரு சேர்மத்தையும் காட்டும் மேடுகளான பீக்குகளைக் குறித்து அளவெடுப்பது சில வருடங்களாக என் வேலை. மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இங்கே எழுதும் குறைகளில் பாதி, அதன் அடியில் ஓடும் கணக்கு முறைக்கே உரியவை.

ஜான் பிலிப்ஸும் ஜாயூ லியூவும் 1991-இல் வெளியிட்ட முறை இது. முதல் குழாயில் பிரிவது முதல் பரிமாணம், இரண்டாவதில் பிரிவது இரண்டாம் பரிமாணம். முதல் குழாயிலிருந்து வருவதைச் சில விநாடிக்கு ஒருமுறை பிடித்து இரண்டாவதற்குள் விடுவதே மாடுலேஷன். கடைசியில் இருக்கும் டிடெக்டர் தருவது ஒரே ஒரு நீண்ட கோடுதான். மென்பொருள் அதை மாடுலேஷன் நேரப்படி துண்டு போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படமாக்குகிறது. 6 விநாடி மாடுலேஷன், விநாடிக்கு 100 புள்ளிகள் என்றால் ஒரு துண்டில் 600 புள்ளிகள். ஒரு மணி நேர ஓட்டத்தில் 600 துண்டுகள், மொத்தம் 3,60,000 புள்ளிகள். கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் முதல் பரிமாணத்தில் ஒரு பீக்குக்குக் கிடைப்பது மூன்று நான்கு துண்டுகளே. பின்னால் வரும் தொல்லைகளில் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பீக் கண்டுபிடிக்க என் மென்பொருள் வாட்டர்ஷெட் முறையைப் பயன்படுத்துகிறது. இருப்பதிலேயே உயரமான புள்ளியில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். அடுத்த புள்ளி ஏற்கெனவே உள்ள திட்டை ஒட்டியிருந்தால் அதில் சேரும், இல்லையென்றால் புதுத் திட்டு. திட்டைத்தான் நாங்கள் ப்ளாப் என்கிறோம். வேகமான முறை, பளிச்சென்று தனித்து நிற்கும் பீக்குகளில் குறையே சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், இரண்டு பீக்குகளுக்கு நடுவே பள்ளம் இல்லாவிட்டால் அதற்கு இரண்டாவது பீக் தெரியவே தெரியாது. அதோடு ஒரு புள்ளி ஒரே ஒரு ப்ளாப்புக்குத்தான் சொந்தம், பங்கு பிரிப்பது கிடையாது. பெரிய பீக்கின் தோளில் உட்கார்ந்திருக்கும் சின்ன பீக்குக்குப் பெரியவரின் பரப்பில் கொஞ்சம் இலவசமாகப் போய்ச் சேரும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. குழாய்கள் இருக்கும் அடுப்பின் வெப்பம் ஏறிக்கொண்டே போவதால், அதே சேர்மம் அடுத்தடுத்த துண்டுகளில் சற்று முன்னதாக வந்து விழும். பீக் ஒல்லியாக இருந்து நகர்வு அதிகமானால் ஒரே சேர்மம் இரண்டு மூன்று ப்ளாப்பாகச் சிதறும். ஃபீனால் போல வால் விடுபவை தனி ரகம்: வால் முழுக்கப் பொடிப்பொடி ப்ளாப்கள். ஸ்மூத்திங்கை (கோட்டின் சின்ன மேடுபள்ளங்களை மழுங்கடிப்பதை) ஏற்றினால் பொடி மறையும், சரி. அதை இரண்டாம் பரிமாணத்தில் மட்டும் செய்யுங்கள். மூன்று நான்கு புள்ளிகளே உள்ள முதல் பரிமாணத்தில் செய்தால் பக்கத்துப் பீக்கும் சேர்ந்து கரைந்துவிடும்.

எனவே கையால் திருத்தாமல் இந்த வேலை முடியாது. சேர்த்தல், பிரித்தல், நீக்குதல், பலகோணம் வரைந்து ஒரு பகுதியையே ஒரு ப்ளாப்பாக்குதல் எல்லாம் இருக்கின்றன. சேர்ப்பதும் நீக்குவதும் சுலபம். பிரிப்பதுதான் வில்லங்கம். எண்ணெயில் இருக்கும் ஹெப்டாடெக்கேன், பிரிஸ்டேன் என்ற இரு ஹைட்ரோகார்பன்கள் நல்ல உதாரணம். இரண்டும் ஒட்டினாற்போல் வருபவை, மாடுலேஷன் நீளமாக இருந்தால் ஒரே ப்ளாப்பாகிவிடும். கடலில் கொட்டிய எண்ணெயைக் கிருமிகள் எவ்வளவு தின்றிருக்கின்றன என்று பார்க்க இந்த இரண்டின் விகிதத்தைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் கிருமி முதலில் தின்பது நேர்சங்கிலியான ஹெப்டாடெக்கேனை. வெட்டுக் கோட்டை ஒரு துண்டு தள்ளிப் போட்டாலே விகிதம் மாறிவிடும். ஒரே படத்தை நானும் சக ஊழியரும் தனித்தனியாகத் திருத்திப் பார்த்திருக்கிறோம். பெரிய பீக்குகள் ஒத்துப்போகும், இந்த மாதிரி ஜோடிகளில் ஒத்துப்போகாது. வண்ணத்தை நம்பி வெட்டுவதால் வருவது இது. வண்ண அளவுகோலை மாற்றினால் எல்லையே இடம் மாறியதுபோல் தெரியும். அந்தத் துண்டின் கோட்டு வரைபடத்தைத் தனியாகத் திறந்து, அங்கே பள்ளம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கோடு போடுவது இப்போது எங்கள் வழக்கம்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது வேறு: பேஸ்லைனை (பீக் இல்லாத இடத்தின் அடிமட்டக் கோட்டை) மாற்றி மறுபடி டிடெக்ட் (பீக் தேடல்) கொடுத்தால் கைத்திருத்தம் அத்தனையும் போய்விடும். எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும், பழக்கத்தில் எல்லாரும் சரி என்று தட்டிவிடுவார்கள். எனவே வரிசை முக்கியம். முதலில் ஃபேஸ், அதாவது துண்டுக்கான வெட்டு எங்கே விழுகிறது என்பது. 6 விநாடிக்குள் வெளியே வராத கனமான அரோமாட்டிக்குகள் (பென்சீன் வளையம் கொண்டவை) சுற்றிக்கொண்டு அடுத்த துண்டின் அடியில் தலைகாட்டும். வெட்டு விழும் இடம் ஒரு பீக்கின் நடுவே இருந்தால் பாதி மேலே, பாதி கீழே. படத்தை மேலும் கீழும் நகர்த்தி, வெட்டை வெற்றிடத்தில் விழ வையுங்கள். அப்புறம் பேஸ்லைன், சூட்டில் குழாயின் உட்பூச்சே கசிவதால் (காலம் ப்ளீட்) வரும் பட்டை அதில் அடங்க வேண்டும். அதன் பிறகுதான் டிடெக்ட். குறைந்தபட்ச உயரத்தை இரைச்சலுக்குச் சற்று மேலே வைத்தால் போதும், ரொம்ப இறக்கினால் ஆயிரக்கணக்கில் குப்பை. மவுஸைக் கையில் எடுப்பது கடைசியில்.

திருத்தியதை டெம்ப்ளேட்டாகச் சேமிக்கும் வசதிக்காகவே இந்த மென்பொருளை விடாமல் வைத்திருக்கிறேன். அல்கேன், ஒற்றை வளைய அரோமாட்டிக், இரட்டை வளையம் என்று பலகோணங்களை ஒருமுறை பொறுமையாக வரைந்துவிட்டால், அடுத்த மாதிரிகளில் பொருத்திச் சற்று நகர்த்தினால் போதும். குழு வாரியான மொத்த அளவுதான் உங்களுக்கு வேண்டும் என்றால் தனி ப்ளாப்களில் மல்லுக்கட்டவே தேவையில்லை, பலகோணத்துக்குள் விழுவதைக் கூட்டிக்கொள்ளலாம். தனித்தனிச் சேர்மத்தின் அளவு வேண்டுபவர்கள் டேட்டா எடுக்கும்போதே மாடுலேஷன் நேரத்தைக் குறைத்துப் பார்ப்பது நல்லது. சுற்றிக்கொண்டு வருபவை கூடும், ஆனால் பிரிஸ்டேன் மாதிரி ஜோடிகளுக்கு நடுவே பள்ளம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எந்த ப்ளாப்பை யார், எப்போது, எப்படி வெட்டினார் என்ற பதிவு மட்டும் இன்னும் ஒழுங்காக வெளியே எடுக்க வருவதில்லை. தணிக்கைக்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.