ஆன்டிவைரஸை அணைக்காமல் பில்டு நேரத்தைக் குறைத்த அனுபவம்

விண்டோஸ் கணினியில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பில்டு (எழுதிய நிரலை ஆப்பாகத் தொகுக்கும் வேலை) ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அந்த வேலையைச் செய்யும் கருவியான கிரேடிலுக்குப் போட்டியாக, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ என்ற வரியும் மேலே ஏறி நிற்கும். யாரிடம் கேட்டாலும் “டிஃபெண்டரை ஆஃப் பண்ணிடுங்க” என்பார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அமைப்புகளில் அணைத்தாலும் கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் தானாகவே அதை மறுபடி ஓட விட்டுவிடும் என்பது ஒரு பக்கம். வாடிக்கையாளரின் ஆப்புக்கு டிஜிட்டல் கையெழுத்திடும் சாவிகள் இருக்கும் கணினியைக் காவலில்லாமல் விடக் கூடாது என்பதே முக்கியக் காரணம்.

டிஃபெண்டர் தன் வேலையைத்தான் செய்கிறது. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது நடுவில் புகுந்து பார்த்துவிட்டு அனுப்புகிறது. வேர்டு, எக்ஸெல் வேலையில் இது தெரியவே தெரியாது. ஒரு பில்டோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறந்து, எழுதி, அழிக்கும். ஒவ்வொன்றிலும் ஏற்படும் துளித் தாமதம் சேர்ந்து பெரிதாகிவிடும்.

டிஃபெண்டரை அணைக்காமலே, சில கோப்புறைகளை மட்டும் அதன் ஸ்கேனிலிருந்து விலக்கி வைக்கலாம். எதை விலக்குவது என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து ‘நியூ-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரெக்கார்டிங்’ கட்டளையைக் கொடுத்து, மெதுவாக இருக்கும் வேலையை ஓடவிட்டு, எண்டர் தட்டி நிறுத்த வேண்டும். பிறகு ‘கெட்-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரிப்போர்ட்’ கொடுத்தால், எந்தக் கோப்பு, எந்த நிரல், எந்த வகைக் கோப்புக்கு ஸ்கேன் நேரம் அதிகம் போனது என்று வரிசையாகக் காட்டும். என் கணினியில் முதலிடத்தில் வந்தவை பில்டு வெளியீட்டுக் கோப்புறையும், இறக்கிய நூலகங்களைக் கிரேடில் சேமித்து வைக்கும் இடமான கிரேடில் கேஷும்.

ஆப் எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ஆவணம் புராஜெக்ட், எஸ்டிகே (ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்பு), கிரேடில் கேஷ், ஸ்டுடியோவின் சிஸ்டம் கோப்புறை ஆகியவற்றை விலக்கலாம் என்கிறது. இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பில்டு வெளியீடு நம் கணினியில் உருவாவது, அதை விலக்கினேன். கேஷில் இருப்பவை இணையத்திலிருந்து இறங்கியவை. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் என்ற பரவலாகப் புழங்கும் பேக்கேஜ் (பிறர் எழுதிப் பகிரும் நிரல் தொகுப்பு) கைப்பற்றப்பட்டு, அதன் சில பதிப்புகளில் கிரிப்டோ மைனரும் கடவுச்சொல் திருடும் நிரலும் வந்து சேர்ந்தன. அப்படிப்பட்ட பொருள் வந்து இறங்கும் இடத்தை மொத்தமாகக் கண்மூடி விட எனக்கு மனம் வரவில்லை. டவுன்லோட்ஸ் கோப்புறையை விலக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கோப்புறைக்குப் பதிலாக ஒரு நிரலுக்கே தரும் ‘புராசஸ்’ விலக்கிலும் கவனம் வேண்டும். கிரேடிலை ஓட்டும் ஜாவா எக்ஸியை அதில் சேர்த்தால், ஜாவா திறக்கும் எல்லாக் கோப்புகளும் ரியல்டைம் ஸ்கேனைத் தாண்டிவிடும். முழுப் பாதை தராமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் இன்னும் மோசம். அதே பெயரில் எங்கிருந்து எது ஓடினாலும் சலுகை அதற்கும் கிடைக்கும்.

கேஷுக்கு நான் பிடித்துக்கொண்ட வழி, நிரல் எழுதுகிறவர்களுக்கென்று விண்டோஸ் தரும் தனி வகை டிரைவான டெவ் டிரைவ். 2023-இல் விண்டோஸ் 11-க்கு வந்தது. ரீஎஃப்எஸ் கோப்பு முறையில் இயங்கும். குறைந்தது 50 ஜிபி ஒதுக்க வேண்டும். சி டிரைவை இப்படி மாற்ற முடியாது. இதில் டிஃபெண்டர் ‘பெர்ஃபார்மன்ஸ் மோடு’க்குப் போய்விடும்: கோப்பைத் திறக்க முதலில் வழிவிட்டு, ஸ்கேனைப் பின்னால் வைத்துக்கொள்ளும். வேகமும் கிடைக்கிறது, சோதனையும் நின்றுபோவதில்லை. புராஜெக்டுகளை அங்கே நகர்த்தி, கேஷ் எங்கே இருக்க வேண்டும் என்று கிரேடிலுக்குச் சொல்லும் ‘கிரேடில் யூசர் ஹோம்’ என்ற சூழல் மாறியையும் அங்கே திருப்பினேன். ஓராண்டுக்கு மேலாக இப்படித்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொகுக்கும் சுத்தமான பில்டில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஒரு வரி மாற்றி மறுபடி ஓட்டும் சின்னப் பில்டில் அவ்வளவாகத் தெரியவில்லை.

அலுவலக லேப்டாப்பாக இருந்தால் இந்த அமைப்புகள் பெரும்பாலும் ஐடி பிரிவின் கையில்தான் இருக்கும். அவர்களிடம் “சிஸ்டம் ஸ்லோ” என்று டிக்கெட் போட்டால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டை இணைத்து, இந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கேளுங்கள். பதிவெடுக்க அட்மின் உரிமை தேவை என்பதால், அதையும் அவர்களே உட்கார்ந்து ஓட்டித் தரும்படி கேட்பது நல்லது.