எட்டு ஸ்பீக்கருக்கு எந்த அம்ப்ளிபையர்? ஒரு வெள்ளவத்தை வீட்டு அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நாலு இடத்தில் பாட்டுக் கேட்கும்: ஹோல், குசினி, அம்மாவின் அறை, கடல் பக்கப் பல்கனி. இடத்துக்கு ஒரு சோடி என்று மொத்தம் எட்டு ஸ்பீக்கர். 2021 இலிருந்து இவ்வளவையும் ஓட்டுவது எட்டு சனல் (தனித்தனி வெளியீடு) உள்ள ஒரு கிளாஸ் டி பவர் அம்ப்ளிபையர். கிளாஸ் டி என்பது கொஞ்ச மின்சாரத்தில், அதிகம் சூடாகாமல் ஓடும் வகை. இப்படியொரு செட் போட நினைக்கிறவர்கள் கடைக்குப் போனதும் கேட்பது "எத்தனை வோட்?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் வோட் கடைசியாகப் பார்க்க வேண்டியது. எத்தனை சனல், எத்தனை ஓம் வரை தாங்கும், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை; அது குறையக் குறைய அம்புக்குப் பாரம் கூடும்.

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம். நாலை இணைத்தால் 2 ஓம். சாதாரண ஸ்டீரியோ அம்ப் ஒன்றில் நாலு சோடியையும் மாட்டினால் ஒவ்வொரு சனலுக்கும் அந்த 2 ஓம்தான் கிடைக்கும். வீட்டுக்கென்று செய்த அம்ப்களில் பெரும்பாலானவை அதைத் தாங்காது. சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். ஒரே அம்பில் பல சோடி மாட்டுவதற்கென்று விற்கும் செலக்டர் பெட்டிகளில் பல, உள்ளே ரெசிஸ்டர் வைத்து ஓமைக் கூட்டிக் காட்டுகின்றன. அம்ப் தப்பிக்கும், சரி. ஆனால் பவரில் ஒரு பங்கு அந்த ரெசிஸ்டரிலேயே சூடாகப் போய்விடும், பாஸ் தொளதொளவென்று கேட்கும். கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போடும் 100 வோல்ட் லைன், அதாவது ஸ்பீக்கருக்கு ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் வைத்துப் பல ஸ்பீக்கரை ஒரே லைனில் ஓட்டும் முறை, அறிவித்தலுக்கு அருமையானது. வீட்டில் பாட்டுக் கேட்க அந்தச் சின்ன ட்ரான்ஸ்போமர்கள் போதாது, அடித்தொனியை விழுங்கிவிடும். ஆகவே ஸ்பீக்கருக்கு ஒரு சனல் என்று போவதே நல்லது.

வோட் விசயத்துக்கு வருவோம். எங்கள் சீலிங் ஸ்பீக்கருக்கு ஒரு வோட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபல் வரும். ஆட்கள் பேசும் சத்தம் 60 டெசிபல் அளவில்தான் இருக்கும். குசினியில் சமைத்துக்கொண்டு கேட்க ஒரு வோட்கூடத் தேவைப்படாது. 50 வோட் அம்பை மாற்றி 100 வோட் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்.

கிளாஸ் டியின் உண்மையான அருமை தெரிந்தது 2022 இல்தான். மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்த அம்ப், மெல்லமாகப் பாடும்போது ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் அளவுகூட இழுக்கவில்லை. இன்வெர்ட்டர் பற்றரியில் அம்மாவின் அறைக்கு மட்டும் ரேடியோச் செய்தியும் பாட்டும் தொடர்ந்து கேட்டன. அதற்கு முன் இருந்த, கிளாஸ் ஏபி என்ற பழைய வகை அம்ப், பாட்டே இல்லாவிட்டாலும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். மலிவு இன்வெர்ட்டரில் போட்டால் அந்த அம்பின் ட்ரான்ஸ்போமர் உர்ரென்று உறுமும். இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் பியூர் சைன் வகையை, அதாவது வீட்டுக் கரண்டைப் போலச் சீரான அலை தருவதை, கேட்டு வாங்குங்கள்.

வாங்குமுன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது வயரிங். சீலிங் வேலை நடந்தபோது வயரிங் செய்ய வந்த தம்பி, "மைனஸ் எல்லாத்துக்கும் ஒண்டு காணும் அண்ணா, வயர் மிச்சம்" என்றார். பழைய அம்ப்கள் பலவற்றுக்கு அது சரிவரும். கிளாஸ் டி அம்ப்களில் மிகப் பல பிரிட்ஜ் முறையில் வேலை செய்பவை. அவற்றின் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும். இரண்டு சனலின் மைனஸை ஒன்றாக இணைத்தால் அம்ப் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் தனியாக இரண்டு வயர் இழுக்கச் சொன்னேன். அவரும் முகம் சுளிக்காமல் இழுத்துத் தந்தார்.

வயரின் தடிப்பையும் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் 15 மீற்றர் ஓடினால் போக வரச் சேர்த்து ஏறக்குறைய 0.36 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பரவாயில்லை, 4 ஓமுக்கு 2.5 போடுங்கள். புறக்கோட்டையில் வயர் வாங்கும்போது நுனியைப் பிளேட்டால் சுரண்டிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை அதிகம், கடற்காற்றில் சீக்கிரம் அரித்தும் போகும். எங்கள் பல்கனி முனையில் நல்ல செம்பே பச்சை பூத்துவிடுகிறது. அந்தப் பக்கச் சத்தம் இரைந்தால் நுனியை வெட்டிப் புதுச் செம்பை எடுத்து முறுக்கி மாட்டுவேன். உடனே சரியாகிவிடும்.

குறை ஒன்று உண்டு. சிக்னல் வந்தால் தானாக ஒன் ஆகும் வசதியை நான் வெறுக்கிறேன். தம்பூரா மட்டும் மெல்ல ஒலிக்கும்போது அதற்குச் சிக்னல் தெரிவதில்லை. பாடகர் ஆலாபனையை எடுத்த பிறகே விழிக்கிறது, முதல் சங்கதி போய்விடுகிறது. இப்போது 12 வோல்ட் ட்ரிகர் வயரில், அதாவது ப்ளேயர் அம்பை எழுப்பும் சின்ன வயரில், மாட்டியிருக்கிறேன். ப்ளேயரைப் போட்டதும் அம்பும் விழிக்கிறது. வாங்கும் அம்பில் அந்தச் சின்னத் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஜப்பான் அம்ப் வாங்க நினைப்பவர்கள் பின்பக்கம் வோல்ட்டைப் படியுங்கள். அந்த நாட்டுக்கென்று செய்தவை 100 வோல்ட். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நம் 230 இல் சொருகினால் அத்தோடு முடிந்தது.

இரண்டு சோடி மட்டும் உள்ள வீட்டுக்கு இவ்வளவு பெரிய அம்ப் தேவையே இல்லை. ஏ, பி என்று இரண்டு சோடி வெளியீடு உள்ள நல்ல ஸ்டீரியோ அம்ப் ஒன்று போதும். இரண்டு சோடியையும் ஒன்றாகப் போடும்போது எத்தனை ஓம் ஸ்பீக்கர் வேண்டும் என்று அதன் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். பல அம்ப்களில் அது 8 ஓமுக்குக் குறையாது. உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் ஒரு நேரத்தில் ஒரு சோடி மட்டும் போடுங்கள்.