ரமல்லாவின் கருத்துக்கணிப்பு அறிக்கை: கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

பாலஸ்தீனர்கள் யாருக்கு, எதற்காக ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஊட்டியிலோ கோத்தகிரியிலோ இருந்துகொண்டு தெரிந்துகொள்ள, காசு கேட்காத நல்ல இடம் ஒன்று இருக்கிறது: மேற்குக் கரை நகரமான ரமல்லாவில் கலீல் ஷிகாகி நடத்தும் பாலஸ்தீனக் கொள்கை மற்றும் கருத்தாய்வு மையம். அறிக்கைகள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் கிடைக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் அரசியல் அறிவியல் மாணவர்களும் நாளிதழ்த் தலைப்போடு நிற்காமல் இதை நேரடியாகத் திறக்க வேண்டும்.

வழக்கமான காலத்தில் 127 இடங்களைக் குலுக்கலில் எடுத்து, இடத்துக்குப் பத்துப் பேர் வீதம் சுமார் 1,270 பேரை நேரில் பார்த்துக் கேட்கிறார்கள். பிழை வரம்பு, அதாவது உண்மை நிலை கிடைத்த எண்ணுக்கு மேலேயோ கீழேயோ விலகி இருக்கக்கூடிய அளவு, 3 புள்ளி. முன்பகுதி வெறும் சுருக்கம்தான். கேள்வியின் முழு வாசகமும், மொத்தம், மேற்குக் கரை, காசா என்ற மூன்று பத்திகளும் கொண்ட கடைசி அட்டவணையில்தான் சரக்கு இருக்கிறது.

அந்தப் பத்திகளைப் பிரித்துப் பார்க்காவிட்டால் தப்பாகிவிடும். இஸ்ரேல் மீது 2023 அக்டோபர் 7 தாக்குதலை நடத்த, காசாவை ஆண்ட இஸ்லாமிய இயக்கமான ஹமாஸ் எடுத்த முடிவு சரியா என்று 2023 டிசம்பர் அறிக்கையில் கேட்டபோது, சரி என்றவர்கள் மொத்தத்தில் 72 விழுக்காடு. மேற்குக் கரையில் 82, காசாவில் 57. 2024 செப்டம்பரில் மொத்தம் 54, மேற்குக் கரை 64, காசா 39. '54' என்பதை மட்டும் எடுத்து எழுதினால், குண்டு விழுந்த காசாவில் ஆதரவு பாதிக்கும் கீழே போனது மறைந்துவிடும். காசாவில் அப்போது கேட்கப்பட்டவர்கள் சுமார் 400 பேர். அந்தப் பத்திக்கு மட்டும் பிழை வரம்பு 5 புள்ளியைத் தொடும். அதற்குள்ளும் வயது, படிப்பு என்று பிரித்து நூறு பேருக்கு வந்துவிட்டால் 10 புள்ளி. இரண்டு மூன்று புள்ளி ஏறி இறங்கியதை வைத்துக் கதை கட்டாதீர்கள்.

இன்னொரு பொறி, 'ஓட்டுப் போடுவோம் என்றவர்களில்' என்ற சொற்கள். 2023 டிசம்பரில், அதிபர் தேர்தல் நடந்தால் பாலஸ்தீன அதிபர் அப்பாஸா, அப்போதைய ஹமாஸ் தலைவர் ஹனியாவா என்ற கேள்வியில் ஹனியாவுக்கு 78 விழுக்காடு. ஆனால் ஓட்டுப் போட வருவோம் என்றவர்களே 53 விழுக்காடுதான். பெருக்கிப் பாருங்கள்: நூறு பேரில் 41.

2006 ஜனவரி 25 பாலஸ்தீனச் சட்டமன்றத் தேர்தலைப் புரிந்துகொள்ளாமல் இந்த அறிக்கைகளைப் படிப்பதில் பயனில்லை. மொத்தம் 132 இடத்தில் ஹமாஸுக்கு 74, அப்பாஸின் கட்சியான ஃபத்தாவுக்கு 45. அதை வைத்து 'மக்கள் பெருவாரியாக ஹமாஸ் பக்கம்' என்று எழுதுகிறார்கள். நாடு முழுக்க ஒரே பட்டியலாக, கட்சிக்கு விழுந்த ஓட்டு விகிதத்தில் பிரித்த 66 இடத்தில் ஹமாஸ் 29, ஃபத்தா 28. ஓட்டில் மூன்று விழுக்காடுதான் வித்தியாசம். மீதி 66 மாவட்ட இடங்களில் 45-க்கு 17 என்று ஃபத்தா நொறுங்கியது.

காரணத்தை நம் ஊரை வைத்தே சொல்லலாம். நீலகிரி மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் ஒன்றாக்கி, ஒவ்வொருவருக்கும் ஆறு ஓட்டு கொடுத்து, அதிக ஓட்டு வாங்கும் ஆறு பேர் ஜெயிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட இடங்களுக்கு இந்த முறைதான். ஜெருசலேமுக்கும் ஆறு இடம்தான். நூறு பேரில் 40 பேர் 'அ' கட்சி. அது கணக்காக ஆறு பேரை நிறுத்துகிறது. 55 பேர் 'ஆ' கட்சி. அதற்கு அதிகாரப்பூர்வமாக ஆறு பேர், சீட்டு கிடைக்காத கோபத்தில் நிற்கும் போட்டி வேட்பாளர்கள் மூவர். 55 பேரின் 330 ஓட்டு ஒன்பது பேருக்குச் சிதறினால் ஆளுக்கு 37கூட இல்லை. ஆறு இடமும் 'அ'வுக்கு! ஹெப்ரோனில் ஒன்பது இடமும் ஹமாஸுக்கே போனது.

ஓட்டின் நோக்கத்தையும் இப்படித்தான் அளக்க வேண்டும். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத கோபத்தில் ஆளுங்கட்சியை மாற்றிப் போடும் சிறு விவசாயி, ஜெயித்த கட்சியின் கொள்கை முழுவதையும் ஏற்றுக்கொண்டார் என்று யாரும் சொல்லமாட்டோம். ஃபத்தா மீது ஊழல் கோபமும் சட்டம் ஒழுங்குச் சலிப்பும் மண்டிக் கிடந்த நேரம் அது. அட்டவணையில் 'யாருக்கு ஓட்டு' என்பதற்குப் பக்கத்தில் 'முதல் பிரச்சினை எது', 'பேச்சுவார்த்தை வேண்டுமா' ஆகிய கேள்விகளையும் வைத்துப் படித்தால்தான் ஆள் தெரிவார்.

குறையும் உண்டு. 2006-இல் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்புகள் ஃபத்தாவை முன்னால் காட்டித் தவறின. பதில் சொல்ல மறுப்பவர்கள் ஒரே பக்கத்தவராக இருந்தால் கணக்கே சாய்ந்துவிடும். இந்த முறையின் தீராத நோய் அது. 2021 மே 22-க்கு வைத்த தேர்தலை அப்பாஸ் ஏப்ரல் கடைசியில் ஒத்திவைத்தார். ஆகவே 2006-க்குப் பிறகு சட்டமன்றத் தேர்தல் முடிவோடு ஒப்பிட்டு இந்த எண்களைச் சோதிக்க வழியில்லாமல் போனது. காசா முடிவுகளை ஹமாஸ் திரித்தது என்று 2024-இல் இஸ்ரேல் ராணுவம் ஆவணம் காட்டியது. தரவைச் சோதித்தோம், திரித்த தடயம் இல்லை என்றது மையம். காசா எண்களைச் சரிபார்க்க, அரபு நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்தும் அரபு பாரோமீட்டர் அமைப்பின் முடிவுகளையும் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் போருக்குச் சற்று முன் காசாவில் கேட்டதில், 67 விழுக்காட்டினர் ஹமாஸ் அரசின் மீது நம்பிக்கை இல்லை அல்லது அதிகம் இல்லை என்றார்கள்.

அச்செடுப்பதானால் கடைசி அட்டவணையை மட்டும் எடுங்கள். எந்தத் தேதியில் கேட்டார்கள், காசாவில் எத்தனை பேர் என்ற இரண்டையும் மேலே பேனாவால் எழுதிவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.